கடற்காற்றில் துருப்பிடித்த ஃபிட்டுக்கு வீட்டு வளவிலேயே பின் ஷொக் மாற்றியது

எங்கள் வீட்டில் ஓடுவது ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், ஜி.பி.1 என்கிற பழைய வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், இதை விற்று வேறொன்று எடுப்போம் என்ற பேச்சு அன்றோடு அடங்கியது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டபோது வந்த விலைகளைப் பார்த்த பிறகு வீட்டில் யாரும் அந்தக் கதையை எடுப்பதே இல்லை. ஆகவே இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான். இந்த முறை வேலை வைத்தது பின்பக்க ஷொக் அப்சோபர் இரண்டும்.

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. கார் நிற்கிற இடத்திலிருந்து அலைச் சத்தம் கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காரின் அடிப்பகுதிக்கு அது நல்ல செய்தி இல்லை. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியே வரப்போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷொக் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழைய போல்ட் கழன்று வந்தால் வேலை முடிந்த மாதிரி.

மட்டக்களப்பு - கல்முனை காபட் வீதியில் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனால்தான் சங்கதி வெளிக்கும். 2014 இல் ஜப்பான் உதவியோடு அந்தப் பாலம் வருவதற்கு முன்பு அங்கே பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றித்தான் வாகனத்தைக் கொண்டு போக வேண்டும். இப்போது நினைத்த நேரத்தில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய் வரலாம். போகிற கார்களின் அடிப்பகுதி படுகிற பாட்டைப் பாலம் கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். உள்ளே கிறவல் வீதிகளில் குறுக்காக வரிவரியாக நெளிவு விழுந்திருக்கும். அதில் நாற்பதில் போனால் பின்பக்கம் வீதியை விட்டு மெல்லப் பக்கவாட்டில் நழுவியது. பிரேக் போட்டால் பின் சக்கரம் நிலத்தில் ஒழுங்காகப் பதிந்து நிற்காமல் துள்ளியது. பாடசாலைகளுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடைகளில் ஏறி இறங்கிய பிறகு பின் சீற்றில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு ஆட்டம் இலவசம்.

காரின் மூலையில் கையை ஊன்றி அமுக்கிவிட்டுப் பார்க்கிற சோதனை எல்லோருக்கும் தெரியும். விட்டவுடன் ஒருமுறை மேலே வந்து நின்றால் சரி, ஊஞ்சலாடினால் ஷொக் போய்விட்டது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பாதி செத்த ஷொக்கும் மெதுவான அமுக்கலுக்கு நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். அதன் குணம் வேகமான சின்னச் சின்ன அதிர்வுகளில்தான் தெரியும். எனக்குப் பிடித்த சோதனை வேறு. கிறவல் வீதியில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு இரண்டு ஷொக்கின் உடம்பையும் தொட்டுப் பார்ப்பது. ஷொக்கின் வேலையே ஆட்டத்தைப் பிடித்து வெப்பமாக்குவதுதான்: உள்ளே பிஸ்டனில் இருக்கிற சின்னத் துவாரங்கள், வால்வுகள் வழியாக ஒயில் நெருக்கிப் போகும்போது அந்தச் சக்தி சூடாக மாறுகிறது. வேலை செய்கிற ஷொக் சுடும். வேலை செய்யாதது சும்மா இருக்கும். என்னுடைய காரில் வலது பக்கம் இளஞ்சூடு, இடது பக்கம் பச்சைத் தண்ணீர். புறங்கையால் மெதுவாகத் தொடுங்கள், பக்கத்தில் பிரேக் ட்ரம் அதைவிடச் சூடாக இருக்கும்.

குனிந்து பார்த்தால் இடது ஷொக்கின் மேல் பாதியிலிருந்து கீழ்வரை ஒயில் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுத்த களிம்பாகக் கிடந்தது. இலேசான ஈரப்பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், தண்டோடு கொஞ்சம் ஒயில் ஏறி இறங்குவது வழமை. வழிந்து சொட்டினால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். டயரையும் கையால் தடவிப் பார்த்தேன். சக்கரம் துள்ளித் துள்ளி ஓடினால் டயர் ஒரே சீராகத் தேயாது. இடைக்கிடை குழிகுழியாகத் தேயும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும்.

ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் இதைக் கராஜிலேயே தவறாகச் சொல்வார்கள். காரின் பின்பக்கம் தாழ்ந்து போனால் அது ஷொக் இல்லை, ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவது ஷொக். புது ஷொக் போட்டால் கார் உயரும் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காமல் வந்துவிடுங்கள். காஸ் அடைத்த ஷொக் கொஞ்சம் உந்தும்தான், ஆனால் தளர்ந்த ஸ்பிரிங்கை அது ஈடுசெய்யாது.

பழைய மொரிஸ் மைனரில் இருந்தது வேறு அமைப்பு. நெம்புகோல் கை வைத்த ஷொக், மேலே ஒரு மூடி. ஒயில் குறைந்தால் மூடியைக் கழற்றி ஊற்றிக்கொள்ளலாம். இப்போது வருகிற குழாய் வடிவ ஷொக்கில் அதெல்லாம் நடவாது. உள்ளே நைதரசன் அடைத்து மூடி அனுப்புகிறார்கள். ஒயில் நுரைக்காமல் இருக்கத்தான் அந்த அழுத்தம். ஆனாலும் வெட்டி, ஒயில் நிரப்பி, ஒட்டித் தருகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விலை பாதிகூட வராது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்தபடியே இருக்கும், நைதரசனும் திரும்பி வராது.

வீட்டில் செய்யலாமா என்பது காரைப் பொறுத்தது. ஃபிட்டின் பின்பக்கம் டோர்ஷன் பீம். இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரு குறுக்குச் சட்டம், அதில் ஸ்பிரிங் தனியாக, ஷொக் தனியாக. மேலே ஒரு நட்டு, கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான் ஷொக்கைப் பிடித்திருப்பது. ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. முன்பக்கம் அப்படியில்லை. அங்கே ஸ்பிரிங் ஷொக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரட். அதைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அது நழுவினால் பல்லோ உயிரோ போகும். சில கார்களுக்குப் பின்னாலும் அப்படித்தான். முதலில் குனிந்து பாருங்கள். ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங் இருந்தால் கராஜுக்குப் போங்கள்.

சாமான் வாங்கக் காத்தான்குடிக்குப் போய்க் கடைக்கார நானாவிடம் (அண்ணனிடம்) கேட்டேன்.

“நானா, ஃபிட் ஹைபிரிட்டுக்குப் பின் ஷொக் சோடி வேணும்.”

“ஜி.பி.1ஆ, ஜி.பி.5ஆ தம்பி?”

“1.”

“செஸி நம்பர் கொண்டு வந்தீங்களா? சும்மா ஃபிட்டுக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒரே சாமான் எண்டு எடுத்துக்கொண்டு போய், மறுகா வந்து சண்டை புடிக்கிறாக.”

நியாயமான கேள்வி. ஹைபிரிட்டில் பற்றரிப் பொதி பின்னால் தட்டுக்குக் கீழே இருக்கிறது, பின்பக்கம் பாரம் கூட. பதிவுப் புத்தகத்தைப் படம் பிடித்துக் கொண்டு போயிருந்ததால் வேலை சுலபமாயிற்று. அவரிடம் இருந்தவை இரண்டு: கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த ரீகண்டிஷன் சோடி ஒன்று, புது கே.வை.பி. எக்செல்-ஜி சோடி ஒன்று. ரீகண்டிஷன் ஷொக் என்பது ஜப்பானில் கழித்துவிட்ட காரிலிருந்து கழற்றியது. எவ்வளவு தூரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மீட்டர் இல்லாத சாமானை அப்படி வாங்குவதில் அர்த்தமில்லை. கதவு, கண்ணாடி, லைட் என்றால் ரீகண்டிஷன் தாராளமாக எடுக்கலாம். தேய்கிற சாமானுக்கு வேண்டாம். கே.வை.பி. என்பது கயாபா, 1919 இல் தொடங்கிய ஜப்பான் கம்பனி. எக்செல்-ஜி அவர்களுடைய இரட்டைக் குழாய், காஸ் வகை. சாதாரணக் காருக்கு அது போதும். ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகுகிறது என்றாலும் சோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் தளர்வு என்றால் வளைவில் கார் எந்தப் பக்கம் எப்படிச் சாயும் என்று சொல்ல முடியாது.

கூடவே மேல் றப்பர் புஷ், வாஷர், முட்டு றப்பர், தூசி மூடி எல்லாம் எடுத்தேன். பழையதைத் திருப்பிப் போடலாம் என்று நானா சொன்னார், அவருக்கு வியாபாரத்தைவிட உண்மை பெரிது. ஆனால் இத்தனை வருடம் வெயிலும் உப்பும் தின்ற முட்டு றப்பர் கையில் எடுத்தால் பிட்டாக உதிரும் என்று தெரியும். உதிரவும் செய்தது. கீழ்ப் போல்ட் இரண்டும் புதிது வாங்கினேன். இதை மட்டும் கவனியுங்கள்: ஹாட்வெயார் கடைச் சாதாரணப் போல்ட்டை அங்கே போடக் கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்திருக்க வேண்டும், பழையதில் என்ன இருந்ததோ அதற்குக் குறையாமல். அந்த இலக்கம் அலங்காரமில்லை. 10.9 என்றால் சதுர மில்லிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 1000 நியூட்டன் இழுவைவரை தாங்கும், அதில் தொண்ணூறு வீதம்வரை நீண்டு போகாமல் நிற்கும் என்று அர்த்தம்.

வேலைக்கு முதல் நாளே போல்ட்டுகளுக்கு ஒயில் அடித்து வைத்தேன். வெறுமனே தலையில் அடித்தால் பிரயோசனமில்லை. ஃபிட்டில் கீழ்ப் போல்ட் ஷொக்கின் கண்ணுக்குள்ளால் போய், பீமோடு ஒட்டிய நட்டுக்குள் ஏறுகிறது. நட்டின் மறுபக்கத்தில் புரியின் வால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துரு முழுக்க அங்கேதான். அதைக் கம்பிப் பிறஷ்ஷால் பளபளக்கும்வரை தேய்த்து, அந்தப் பக்கமிருந்து ஒயில் அடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கழற்றினால் துருப்பிடித்த வால் அப்படியே நட்டுக்குள் இழுபட்டு வரும், வரும்வழியில் புரியைத் தின்றுவிடும், அல்லது நடுவில் இறுகிப் போல்ட் முறியும். நட்டு பீமோடு ஒட்டியது என்பதால் முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும். அந்த நிலைக்குப் போகக் கூடாது. மாலையில் ஒருதரம், இரவு ஒருதரம், காலையில் எழும்பியதும் ஒருதரம் என்று அடித்துவிட்டால் போதும்.

கல்லடியில் இன்னொரு சோலி இருக்கிறது, மணல். ஜக்கை மணலில் வைத்தால் கார் உயராது, ஜக் தாழும். தாழ்வதுகூடப் பரவாயில்லை, சரிந்து தாழ்ந்தால் கார் ஆள்மேல். பழைய வீடு உடைத்தபோது எடுத்து வைத்த முதிரைப் பலகைகள் இருந்தன. அகலமானவற்றை ஜக்குக்கும் ஸ்டாண்டுகளுக்கும் கீழே போட்டேன். மெல்லிய பலகை வேண்டாம், பிளக்கும். சீமெந்துக் கல்லின் மேல் காரை நிறுத்துவதை ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரேயடியாக நொறுங்கும். ஜக் ஸ்டாண்ட் சோடி ஒன்று ஷொக் ஒன்றின் விலையும் வராது, கட்டாயம் வாங்குங்கள். ஜக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே தலையை விடுவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் உதவாது, அது பிடிப்பது பின் சக்கரங்களை. ஃபிட் முன் சக்கரத்தில் ஓடுகிற கார் என்பதால் கியரைப் ‘பி’யில் போட்டால் முன் சக்கரம் பூட்டும், அதற்கு மேலும் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன். சக்கர நட்டுகளை நிலத்தில் நிற்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இறக்கினேன். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: காருக்குக் கீழே செம்மஞ்சள் நிறத்தில் குழாய் அல்லது வயர் ஓடுவதைக் கண்டால் அதற்குப் பக்கத்தில் ஜக் வைக்க வேண்டாம். பின்னாலிருக்கும் 100 வோல்ட் பற்றரியை முன்னாலிருக்கும் மோட்டரோடு சேர்ப்பது அது. பூட்டுக்குள் (காரின் பின்பக்கச் சாமான் அறைக்குள்) தட்டின் கீழே இருக்கிற பெட்டியையும் தொட வேண்டியதில்லை. நமக்கு வேலை பக்கவாட்டில்தான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வளவு மாமி கடப்பில் வந்து நின்றா.

“என்ன மனே, கார உரிச்சிப் போட்டுக் கிடக்கு?”

“ஷொக் மாத்துறன் மாமி.”

“கராசில குடுத்தா அவங்க செய்ய மாட்டாங்களா?”

செய்வார்கள். ஆனால் கராஜில் இந்த வேலையின் கடைசிப் படியைச் செய்வதைப் பெரும்பாலும் காண முடியாது. அந்தப் படியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பீமின் இடது நுனிக்குக் கீழே ட்ரொலி ஜக்கை வைத்து, தொட்டுத் தாங்கும் அளவுக்கு உயர்த்தினேன். இது முக்கியம். பீம் கீழே தொங்காமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பெரும் பங்கு ஷொக்குக்கு. அதைக் கழற்றியதும் பீம் இறங்கும், இறங்கினால் ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நழுவலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம். அதனால்தான் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இரண்டையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது.

மேல் நட்டு பூட்டுக்குள். பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை விலக்கினால் ஷொக்கின் தலை தெரியும். நட்டு 14 மில்லிமீற்றர். நேரே சுழற்றினால் நட்டோடு தண்டும் சேர்ந்து சுழலும், அது எல்லோருக்கும் நடப்பது. தண்டின் நுனியில் அறுகோணக் குழி ஒன்று இருக்கிறது; அதில் 5 மில்லிமீற்றர் அலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பெனரால் நட்டைத் திருப்ப வேண்டும். இடது பக்கக் குழிக்குள் துரு நிறைந்திருந்ததால் முதலில் ஊசியால் தோண்டிச் சுத்தம் செய்தேன். அலன் கீ முழு ஆழத்துக்கு இறங்காமல் திருப்பினால் குழி வட்டமாகிவிடும். அப்படி ஆனாலும் வழி இருக்கிறது: கீழே போய்த் தூசி மூடியை மேலே தள்ளி, தண்டை வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடிக்கலாம். பழைய தண்டு கீறுப்பட்டால் யாருக்கென்ன. அதே கருவியைப் புதுத் தண்டுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. பளபளப்பான அந்தப் பூச்சில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீலை அறுக்கும்.

இனிக் கீழ்ப் போல்ட்.

17 சொக்கட், நீளக் கைபிடி, அதன்மேல் ஒரு குழாய்த் துண்டு. அமுக்கினேன், போனது. சந்தோஷம். கையை எடுத்தேன், திரும்பி வந்தது. திரும்ப அமுக்கினேன், போனது, விட்டேன், வந்தது. மச்சான் பக்கத்தில் குந்தியிருந்தான்.

“போல்ட் சுத்துது மச்சான், ஆனா வெளியால வருகுதில்ல.”

“அது சுத்தல்ல, முறுகுது.”

சரியாகச் சொன்னான். ஷொக்கின் கீழ்க் கண்ணுக்குள் றப்பர் புஷ், அதன் நடுவில் ஒரு இரும்புக் குழல், குழலுக்குள் போல்ட். உப்புக் காற்றும் வெள்ளத் தண்ணீரும் அந்த மெல்லிய இடைவெளிக்குள் போய்ப் போல்ட்டையும் குழலையும் ஒரே துண்டாக்கிவிட்டன. நான் திருப்பியபோது போல்ட்டோடு குழல் திரும்பியது, குழலோடு றப்பர் முறுகியது, விட்டதும் றப்பர் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டு வந்தது. புரியில் ஒன்றும் நடக்கவில்லை. வடகிழக்குப் பருவ மழையில் வீதியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது ஓடிய கார், மழை விட்டதும் அடிப்பகுதியைக் கழுவாமல் நிறுத்திய கார் எல்லாவற்றுக்கும் இந்த வியாதி வரும். மலைநாட்டில் ஓடுகிற இதே காரில் போல்ட் கையால் வரும் என்கிறார்கள்.

காஸ் அடுப்பு மாதிரி நெருப்பைக் காட்டலாம் என்று மச்சான் சொன்னான். அதை நான் ஏற்கவில்லை. அழுத்தம் அடைத்த ஷொக், ஒயில், றப்பர், பக்கத்தில் பிரேக் ஹோஸ், தலைக்கு மேல் ஹைபிரிட் பற்றரி. இத்தனைக்கும் நடுவில் நெருப்பு எதற்கு? ஃபிட்டின் பெற்றோல் தாங்கி முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் அது மட்டும் தூரம்; மற்றக் கார்களில் தாங்கியும் பக்கத்தில்தான் இருக்கும்.

நெருப்புக்குப் பதில் தட்டல். சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக, பலமாக அல்ல, திரும்பத் திரும்ப. அதிர்வில் துரு உதிரும், உதிர்ந்த இடத்தில் ஒயில் இறங்கும். பிறகு கழற்றுகிற பக்கமாக மட்டும் தள்ளிக்கொண்டிருக்காமல், இறுக்குகிற பக்கமும் கொஞ்சம், கழற்றுகிற பக்கமும் கொஞ்சம் என்று மாறி மாறி ஆட்டுவது. மச்சானுடைய பற்றரி இம்பாக்டை (அடித்து அடித்துச் சுழற்றும் கருவி) அதன் பிறகுதான் போட்டோம். இம்பாக்டின் பலம் அதன் இழுவையில் இல்லை, அடியில்: றப்பர் முறுகித் திரும்ப நேரம் கிடைப்பதற்கு முன்பே அடுத்த அடி விழுந்துவிடும். கொஞ்ச நேரம் வெறும் சத்தம்தான். பிறகு டக்கென்று ஓர் ஒலி, குழலைச் சுற்றிச் செம்புழுதி பறந்தது, போல்ட் வரத் தொடங்கியது. அப்போதும் அவசரப்படவில்லை, பாதி வந்ததும் திரும்ப உள்ளே ஓட்டி, ஒயில் அடித்து, பிறகு முழுக்க எடுத்தோம்.

வெளியே வந்த போல்ட்டைப் பார்த்தால், தலையும் புரி ஏறிய நுனியும் ஓரளவு ஒழுங்கு, நடு உடம்பு மட்டும் அரித்துச் சிறுத்துப் போயிருந்தது. அந்தப் போல்ட்டைத் துடைத்துத் திருப்பிப் போட்டிருந்தால் இன்னும் இரண்டு மழைக்குப் பிறகு எங்கேயோ வெல்லாவெளிப் பக்கம் ஷொக் தொங்கும். புதுப் போல்ட்டுக்கான காசு அங்கேயே தீர்ந்தது.

பீமிலிருக்கும் நட்டின் புரியைச் சுத்தம் செய்ய, புரியின் இடைவெளியைக் கடையில் அளந்து வாங்கிய தப் (புரி வெட்டும் கருவி) ஒன்றை ஒயிலோடு கையால் ஓட்டினேன். பழைய ஷொக் வெளியே வந்ததும் கையால் அமுக்கிப் பார்த்தேன்: முதல் விரற்கடைக்கு எதிர்ப்பே இல்லை, பிறகு ஒரு சின்னப் பிடிப்பு, விட்டால் மேலே எழும்பவே இல்லை. காஸும் போய்விட்டது, ஒயிலும் பாதி போய்விட்டது.

புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மாட்டக் கூடாது. இரட்டைக் குழாய் ஷொக் கடையில் படுத்துக் கிடந்த காலத்தில் உள் குழாய்க்குள் காற்று போயிருக்கும். நிமிர்த்திப் பிடித்து, கட்டியிருக்கும் பட்டியை வெட்டி, மெதுவாக அடிவரை அமுக்கி, மெதுவாக எழும்பவிட வேண்டும். முதலில் இடையில் எங்கேயோ ஒரு வெற்றிடம் போலத் தெரியும். திரும்பத் திரும்பச் செய்தால் அது மறைந்து ஒரே சீரான பிடிப்பு வரும். அதன் பிறகு படுக்கப் போடாமல் நேரே மாட்டிவிடுவது.

முட்டு றப்பர், தூசி மூடி, கீழ் வாஷர், கீழ் றப்பர் என்ற வரிசையில் தண்டில் கோர்த்து, தண்டை மேல் துவாரத்துக்குள் விட்டு, உள்ளேயிருந்து மேல் றப்பர், வாஷர், நட்டு. கழற்றும்போதே அந்த வரிசையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தால் தலையைச் சொறிய வேண்டியதில்லை. மேல் நட்டு புதிது, தானே பூட்டிக்கொள்ளும் வகை. இதற்கு இம்பாக்ட் வேண்டாம். தண்டு உள்ளே சுழன்றால் சீலுக்குக் கூடாது. கையால், அலன் கீயோடு.

கீழ்க் கண்ணைப் பீமின் துவாரத்துக்கு நேரே கொண்டுவர ட்ரொலி ஜக்கைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போதும். போல்ட்டின் நடு உடம்புக்குக் கொப்பர் கிறீஸ் தாராளமாகப் பூசினேன், குழலுக்குள்ளேயும். புரிக்கு மெல்லிய பூச்சு மட்டும். கிறீஸ் பூசிய புரி வழுக்கும் என்பதால் அதே இழுவைக்கு நட்டு அதிகம் இறுகிவிடும், அதனால் புரிக்குக் கிறீஸை அளவோடு பூச வேண்டும். அடுத்த தடவை இதைக் கழற்றப்போகிறவன் நான்தான், அவனுக்கு நான் செய்த உதவி இது.

கடைசிப் படி என்று சொன்னேனே, அது இங்கே. கீழ்ப் போல்ட்டைக் கார் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கக் கூடாது. புஷ்ஷின் நடுக் குழல் போல்ட் இறுகியதும் பீமோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போது றப்பர்தான் முறுகிக் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே றப்பர் முறுகிய நிலையில் நிற்கும். குழியில் விழும்போது இன்னும் முறுகும். புது புஷ் கிழிவது அப்படித்தான், ஷொக்கைக் குறை சொல்வோம். ஆகவே போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, பீமின் நுனியில் ஸ்பிரிங்குக்குக் கீழே ஜக்கை வைத்து, காரின் உடம்பு ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கும்வரை உயர்த்தினேன். அப்போது அந்தப் பக்கம் கார் வீதியில் நிற்கிற மாதிரியே நிற்கிறது. இப்போது இறுக்கு. கராஜில் கார் லிஃப்டில் தொங்கும், இம்பாக்டால் இரண்டு அடி, முடிந்தது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அடுத்த கார் வாசலில் நிற்கும்.

வலது பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடது பக்கம் கற்றுத்தந்ததை அப்படியே செய்தோம், தட்டி ஒயில் அடித்து ஆட்டியதும் போல்ட் முறுகாமல் வந்துவிட்டது. கடல் பக்கமாக நிற்பது எப்போதும் இடது பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சக்கர நட்டுகளுக்கு ஹொண்டா சொல்கிற அளவு 108 நியூட்டன் மீற்றர், சொக்கட் 19. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பெனர் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள். காலால் ஏறி மிதிப்பது அளவு இல்லை. பின் ஷொக் மாற்றியதற்காக வீல் எலைன்மென்ட் செய்யத் தேவையில்லை. டோர்ஷன் பீமில் சக்கரத்தின் கோணத்தைத் தீர்மானிப்பது பீம்தான். டயர் கடையில் ‘ஷொக் மாத்தினா எலைன்மென்ட் கட்டாயம்’ என்றார்கள். முன் ஸ்ட்ரட் கழற்றியிருந்தால் அது சரி.

ஓடிப் பார்க்க வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போய், உள் வீதிகளால் சுற்றி வந்தோம். வரிவரியான கிறவலில் சத்தம் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு ஷொக் மருந்தில்லை. ஆனால் பின்பக்கம் வீதியை விட்டு நழுவுவது நின்றுவிட்டது. பிரேக் போட்டால் கார் நேராக இறங்கி நிற்கிறது. வேகத்தடையில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், அவ்வளவுதான். முதல் சில நாள் பின்பக்கம் முன்னரைவிடக் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். கெட்ட ஷொக்கின் தளர்வுக்கு உடம்பு பழகியிருந்ததுதான் காரணம். வழியில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே சூடு.

கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு மேல் நட்டு, கீழ்ப் போல்ட், சக்கர நட்டு எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் சரிபார்த்தேன். மேல் நட்டு மட்டும் ஒரு சிறு திருப்பு எடுத்தது, றப்பர் அமர்ந்திருக்கும். இப்போது மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் அடித்துவிடுகிறேன், உப்பும் சேறும் போல்ட்டில் காயாமல் இருக்க.

பழைய ஷொக் இரண்டையும் பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் கொடுத்தேன். உள்ளே அழுத்தம் இருக்கலாம், நெருப்பில் போடாதீர்கள், வெட்டாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. முன் ஸ்ட்ரட்டும் இனி அதிக காலம் தாங்காது போலிருக்கிறது, ஆனால் அதற்கு நான் கை வைக்கப் போவதில்லை. கராஜில் கொடுத்து, பிறகு எலைன்மென்ட்டும் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்பேன்.